மியோ நகரத்தின் இரண்டாவது ஜோடி கையுறை

தெற்குப் பிரான்ஸின் மியோ நகரத்தில் ஆட்டுக்குட்டித் தோலுக்கு இரண்டு உபயோகங்கள் உண்டு. ஒன்று, பாரிஸ் சீமாட்டிகள் மாட்டிக்கொள்ளும் கையுறை. இன்னொன்று, எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இடுப்பில் கட்டிக்கொண்டு மனித குலத்தை உய்விக்கும் ஏப்ரன். இரண்டையும் தைப்பது பெண்கள். முன்னதை வாங்கிப் போட்டுக்கொள்ள அவர்களுக்கு வசதி கிடையாது. பின்னதைக் கட்டிக்கொள்ள அவர்களுக்கு அனுமதி கிடையாது.

மனித குலத்தை உய்விக்கும் அந்த ரகசியச் சகோதரர்களின், அதாவது ஃப்ரீமேசன்களின், சபைக்கு ‘சமத்துவ விளக்கு’ என்று பெயர். பெயருக்குக் குறைச்சல் இல்லை. வாசற்படி தாண்டிவிட்டால் நோட்டரியும் பள்ளிக்கூட வாத்தியாரும் கசாப்புக்கடைக்காரரும் ஒன்றுதான், எல்லாரும் சகோதரர்கள். சமத்துவம் அங்கே அவ்வளவு தாராளம். பெண்கள் மட்டும் கூடாது. ஏன் என்று கேட்டால், பெண்கள் வாயில் ரகசியம் தங்காது என்பார்கள். சபையின் வாசல் காவலராக வாளோடு நிற்பவர் கசாப்புக்கடை விதால். இந்தக் காரணத்தை அவர் தன் கடையில் தொடைக்கறி வெட்டிக்கொண்டே, வரிசையில் நின்ற பெண்களுக்கு விளக்கிச் சொன்னார். முந்தின நாள் சபையில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதையும் அப்படியே சேர்த்துச் சொன்னார்.

அந்த வரிசையில் அடிக்கடி நின்றவள் ஃபெலிசி ருகேரோல். பாவாடை கட்டத் தெரிந்த வயதிலிருந்து கையுறை தைப்பவள். தார்ன் ஆற்றங்கரைச் சந்தில், ஜன்னலோரம் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சொல் கொடுத்து அனுப்புவாள். அவள் கணவர் கமில் பள்ளிக்கூட வாத்தியார். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர். யாரையும் எதிர்த்து அரை வார்த்தை பேசாதவரும்கூட. இரண்டும் ஒரே குணம் என்று ஊர் நினைத்தது. ஃபெலிசி அப்படி நினைக்கவில்லை.

கமிலைச் சபையில் சேர்த்துக்கொண்ட வருஷம் நடந்ததுதான் இந்தக் கதைக்கு விதை. புதிதாகச் சேரும் ஒவ்வொருவனுக்கும் சபை இரண்டு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுக்கும். ஒரு ஜோடி அவனுக்கு. இன்னொரு ஜோடி, ‘நீ மிகவும் மதிக்கும் பெண்ணுக்கு’. பெண்ணை உள்ளே விடமாட்டார்கள், அவள் கைக்கு மட்டும் மரியாதை செய்து அனுப்புவார்கள். சபை கையுறை வாங்கியது ஃபெலிசி தைத்துக்கொடுத்த பட்டறையில். அதனால் பெரிசு ஒன்று, சிறிசு ஒன்று என்று கேட்டு வந்தாலே, புதுசாக ஒரு சகோதரர் பிறக்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தத் தடவை பிறக்கப்போவது தன் புருஷன் என்பதும் அவளுக்குத் தெரியும். சிறிய ஜோடியை யாரிடமும் கேட்காமல் தன் கை அளவுக்கே தைத்தாள். கட்டை விரல் ஓரத்தில் யாருக்கும் தெரியாத ஒரு தையல் கூடப் போட்டாள். செவ்வாய்க்கிழமை இரவு கமில் திரும்பி வந்தார். கை வெறுங்கையாக இருந்தது. புதன்கிழமை போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனாள்.

கமிலின் அம்மாவுக்கு ஃப்ரீமேசன் என்றால் சாத்தான் கூட்டாளி. அதனால் ‘பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்தார்கள்’ என்று மகன் சொல்லியிருக்கிறார். கிழவியின் விரல்கள் தடியானவை. கையுறை பாதியோடு நின்றுவிட்டது. இருந்தாலும் விடவில்லை. சாகும்வரை ஜெபப் புத்தகத்தை அந்தக் கையுறையோடுதான் பிடித்தாள். பாதிரியார் ஒருநாள் அதன் வெண்மையைப் புகழ்ந்து பேசினார். கடைசியில் அதோடேயே அவளைப் புதைத்தார்கள்.

“உங்க அம்மாவைத்தான் ரொம்ப மதிக்கிறீங்களா?” என்று ஃபெலிசி ஒரே ஒரு முறை கேட்டாள்.

“மதிப்பு இல்ல, ஃபெலிசி. பயம்” என்றார் கமில்.

உண்மையைச் சொன்னதற்காக அவரை மன்னிக்கலாம்தான். ஃபெலிசி மன்னிக்கவில்லை. சூப்பில் உப்பு கொஞ்சம் கூடினாலும், “உங்க அம்மா இருந்தா கையுறை போட்டு அளந்து போட்டிருப்பாங்க” என்பாள்.

பிறகு பதினாலாம் வருஷத்து யுத்தம் வந்தது, போனது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்காரும் ஃப்ரீமேசன் சபை ஒன்றை எங்கள் ஊரிலும் தொடங்கினார்கள். தொடங்கியது மத்மஸேல் புஜோல். பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாதவர், தூங்கும்போதுகூட இலக்கணப் பிழை செய்யாதவர். கூட்டம் நடத்த இடம் வேண்டுமே? சமத்துவ விளக்கின் மண்டபத்தையே வியாழக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்தார்கள். ஆண்கள் சபைக்கு இதில் ஆட்சேபம் இல்லை. பெண்கள் மேசன் ஆகவே முடியாது என்பது அவர்கள் கொள்கை. ஆகாத பெண்கள் வாடகை கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்பதும் அவர்கள் கொள்கை.

ஃபெலிசி சேர்ந்தாள். மனித குலத்தின் மேல் பெரிய கவலை ஏதும் இருந்து சேரவில்லை. கமில் செவ்வாய்க்கிழமைதோறும் அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்க்கச் சேர்ந்தாள். பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றாள். ஆனால் விலகவில்லை. பகல் முழுக்கத் தோலைப் பார்த்த கண்ணுக்கு, யாராவது ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் மூடிக் கேட்கும் இடம் ஒன்று இருந்தது பிடித்துப்போயிற்று. அவள் பேசும்போதும் வாய் மூடிக் கேட்டார்கள். வீட்டிலும் பட்டறையிலும் அப்படி நடந்ததில்லை.

வியாழக்கிழமை சபையும் ஒன்றும் சொர்க்கமில்லை. பெண்கள் அதிகம், ஆண்கள் நாலு பேர். கூட்டம் முடிந்ததும் காபி போடுவது யார் என்று கேட்கவேண்டியதில்லை. சேர்ந்த அன்று அவளுக்கும் இரண்டு ஜோடி கையுறை கொடுத்தார்கள். மத்மஸேல் புஜோல் ஆண்கள் சபையின் சடங்கை ஓர் எழுத்து மாற்றாமல் எடுத்துக்கொண்டிருந்ததால், ‘நீ மிகவும் மதிக்கும் பெண்ணுக்கு’ என்றே கம்பீரமாகச் சொல்லி இரண்டாவது ஜோடியைக் கையில் வைத்தார். அப்புறம்தான் சங்கதி உறைத்தது. ‘பெண்ணுக்கு’ என்பதை ‘ஒருவருக்கு’ என்று மாற்றலாமா என்று மூன்று கூட்டங்கள் விவாதம் நடந்தது. நான்காவது கூட்டத்தில் எல்லாருக்கும் அலுத்துவிட்டது.

ஃபெலிசி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். “யாருக்குக் குடுக்கட்டும்? உங்க அம்மாவும் போய்ச் சேர்ந்துட்டாங்க.”

கமில் காது சிவக்க ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். அந்த ஜோடி அலமாரிக்குள் போனது.

இப்படியாக ஒரே வீட்டில் இரண்டு மேசன்கள். செவ்வாய்க்கிழமை கமில் உட்கார்ந்த அதே செயலாளர் நாற்காலியில், வியாழக்கிழமை ஃபெலிசி உட்கார்ந்தாள், அவளும் செயலாளர். ஆனால் கமிலின் சபைச் சட்டப்படி இருவரும் ஒருவரையொருவர் மேசன் என்று ஏற்கக்கூடாது. கணவன் மனைவி என்று ஏற்பதற்குத் தடையில்லை.

மேசன்களிடம் ஒரு கேள்வி உண்டு. வாசலில் அந்நியர் வந்தால், ‘நீங்கள் மேசனா?’ என்று கேட்பார்கள். ‘ஆமாம்’ என்று சொன்னால் பொய்யர். ‘என் சகோதரர்கள் என்னை அப்படி ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்’ என்று சொல்லவேண்டும். நீ யார் என்பதை நீ சொல்லக்கூடாது, மற்றவர்கள் சொல்லவேண்டும் என்பது தாத்பரியம். நல்ல தாத்பரியம்தான், மற்றவர்கள் நல்லவர்களாக இருந்தால்.

வியாழக்கிழமை அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, அடுப்படியிலிருந்து கமில் கேட்பார்:

“நீங்க மேசனா, அம்மா?”

“என் சகோதரர்கள் என்னை அப்படி ஏத்துக்கிட்டிருக்காங்க.”

“ஏத்துக்கிட்டோம், ஏத்துக்கிட்டோம். சீக்கிரம் வந்து சேரு, சூப் ஆறிடும்.”

அடுப்படியில் தைரியசாலி. செவ்வாய்க்கிழமை சபையில் பெண்களைப் பற்றி விவாதம் வந்தபோதெல்லாம் அவர் குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஃபெலிசி இதையும் அறிவாள். விதாலின் கடை எதற்கு இருக்கிறது?

முப்பத்துநாலாம் வருஷம் கமிலுக்கு நெஞ்சில் சளி கட்டி, படுத்த படுக்கையானார். பார்க்க வந்தவர்களில் சமத்துவ விளக்கின் தலைவர், நோட்டரி எமானுவேல் கால்த்தியே ஒருவர். கூட விதாலும் வந்திருந்தார். கால்த்தியே ஐயா குரல் அழகர். சொத்துப் பத்திரம் படித்தாலும் பிரசங்கம் போலக் கேட்கும். அது அவருக்கும் தெரியும்.

கமில் தலையணையில் எழுந்து உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு நோட்டரியின் முகத்தைப் பார்த்து ஒரு காரியம் கேட்டார்.

“எனக்காகச் சங்கிலி கோர்க்கும்போது, என் இடத்துல ஃபெலிசி நிக்கணும்.”

சங்கிலி என்றால், சகோதரர்கள் கையுறையைக் கழற்றிவிட்டு, கைகளைக் குறுக்கே மடித்து, பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்து வட்டமாக நிற்பது. ஒருவர் செத்துப்போனால் அவர் இடத்தைக் காலியாக விட்டு வட்டம் கட்டி, பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவார்கள். பதில் வராது. அதன் பிறகு இரு பக்கத்தவரும் நெருங்கி வந்து கை கோத்து, இடைவெளியை மூடுவார்கள்.

“ஆகட்டும், ஆகட்டும். அதையெல்லாம் இப்ப எதுக்கு யோசிக்கிறீங்க” என்றார் கால்த்தியே. சாகப்போகிறவனுக்கு வாக்குக் கொடுப்பதில் ஒரு சௌகரியம், திரும்பக் கேட்க அவன் வரமாட்டான்.

அவர்கள் போனபின் ஃபெலிசி படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தாள். “இத்தனை வருஷம் எங்க போச்சு இந்த வாய்?” என்றாள். கமில் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அந்த வாரமே போய்விட்டார்.

பாதிரியார் இல்லாமல் அடக்கம் நடந்தது. சபையின் நினைவுக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் குறிக்கப்பட்டது. அது வெள்ளைக் கூட்டம், அதாவது மேசன் அல்லாதவர்களும் வரலாம். மனைவிமார் தொப்பியோடு வந்து முன்வரிசையில் உட்காரலாம். கீழே இருக்கும் ஹோட்டலில் சாப்பாடு.

கால்த்தியே ஐயா துக்க முகத்தோடு ஃபெலிசி வீட்டுக்கு வந்தார்.

“முதல் நாற்காலி உங்களுக்குத்தான், அம்மா. விதவைங்கிற முறையில.”

“சங்கிலி?”

“அது வந்து... மேசன்கள் மட்டுந்தானே அதுல நிக்க முடியும்.”

“நானும் மேசன்தானே, ஐயா.”

“ஐயோ, அதைச் சொல்லாதீங்க” என்று கால்த்தியே கையை உயர்த்தினார். “நீங்க மேசன்னு சொன்னா நான் உங்களை உள்ளேயே விடக்கூடாது. நாங்க ஏத்துக்காத சபையில நீங்க இருக்கீங்க. ஒண்ணும் தெரியாத விதவையா வந்தா தாராளமா வரலாம்.”

“ஒண்ணும் தெரியாதவங்க வரலாம். தெரிஞ்சவங்க வரக்கூடாது.”

“நீங்க தெரிஞ்சுகிட்டது முறைப்படி தெரிஞ்சுகிட்டது இல்லையே.”

“எங்க தெரிஞ்சுகிட்டேன்? உங்க மண்டபத்துல, உங்க நாற்காலியில. வாடகை வாங்குறப்ப முறைப்படிதான் வாங்குனீங்க.”

நோட்டரி தொப்பியைச் சுற்றினார். “பெண்களும் மேசன் ஆகலாம்னு வெச்சா என்ன ஆகும்னு பேசுறதெல்லாம், அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பாங்கிற கதைதான், அம்மா. விதின்னு ஒண்ணு இருக்கு.”

“என் புருஷன் உங்ககிட்ட கேட்டாரே. நீங்க ஆகட்டும்னீங்களே.”

“நோயாளி பேச்சு. அதுக்கு நோயாளிக்குச் சொல்ற பதில்தான்” என்று எழுந்தார். எழுந்தவர் சூப் வாசனை நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கம். வியாழக்கிழமை மத்மஸேல் புஜோலும் தன் பங்குக்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். “ஏப்ரன் இல்லாமல் வெறும் விதவையாகப் போனால் அது நம் எல்லாருக்கும் அவமானம், சகோதரி. போகவே கூடாது. பாரிஸ் தலைமைச் சபைக்கு எழுதுவோம்.”

“பாரிஸ்ல இருந்து பதில் வர்றதுக்குள்ள கமிலை ஊரே மறந்துடும்.”

“கொள்கை முக்கியம், சகோதரி.”

“உங்களுக்குக் கொள்கை செத்திருந்தா தெரிஞ்சிருக்கும். எனக்குப் புருஷன் செத்திருக்கான்” என்றாள் ஃபெலிசி. அன்று யாரும் காபி குடிக்கவில்லை.

வீட்டில் அவள் தனியாக உட்கார்ந்து அழுதாள். கமில் வாழ்நாள் பூராவும் அவளுக்காகக் கேட்டது அது ஒன்றுதான். அதையும் காற்றில் விட்டுவிட்டால், அந்த மனிதர் கோழையாகவே போய்ச் சேர்ந்த மாதிரி ஆகும். அவள் நிற்கவேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் விதால் வாளோடு நின்றார். கறி வெட்டும் கத்தியைப் பிடிக்கும்போது இருக்கும் லாகவம் அந்த வாளைப் பிடிக்கும்போது அவருக்கு வராது.

“ஃபெலிசி அக்கா, கேள்வி கேக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க” என்றார் மெதுவாக.

“கேட்டா நான் சரியான பதில் சொல்லித் தொலைச்சிடுவேனேன்னுதானே?”

“உள்ள போங்கக்கா. நானும் அன்னைக்கு அந்த ரூம்ல இருந்தேன். என் காதும் கேட்டுச்சு.”

முன்வரிசையில் மனைவிமார் தொப்பிகள். நடுவில் நோட்டரியின் மனைவி யூஜெனி கால்த்தியே. குறைவாகப் பேசுபவள், அவளுக்காகவும் சேர்த்து நோட்டரி பேசிவிடுவதால். ஃபெலிசியின் கறுப்புக் கையுறையை அவள் ஒருமுறை தொட்டு அழுத்தினாள்.

கால்த்தியே ஐயா பேச எழுந்தார். கமிலின் எளிமை, கமிலின் கையெழுத்து, கமிலின் மௌனம் எல்லாவற்றையும் புகழ்ந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முன்வரிசைத் தொப்பிகளையும் நடுவில் கறுப்பு உடையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த ஃபெலிசியையும் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் ஊர் நுணலுக்குக் குரல் வேறு நன்றாக இருந்தது.

“நம் சபை பெண்களை மதிக்கவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள்” என்றார். “பெண்மணிகளே, உண்மை என்ன? நாங்கள் ஒவ்வொருவரும் சபைக்குள் வந்த முதல் நாளே, எங்கள் கையில் இரண்டாவதாக ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை தரப்படுகிறது. எங்கள் ஆயுளில் நாங்கள் மிகவும் மதிக்கும் பெண்ணுக்கு. அதை அவளுக்கு நாங்கள் எடுத்துச் செல்கிறோம். இதைவிட உயர்ந்த மரியாதை எது?”



டாக்டரின் மனைவி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கூரையைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரரின் மனைவி பக்கத்தில் இருந்தவளிடம், “உனக்கு வந்துச்சா?” என்று கேட்டது கடைசி வரிசைவரை கேட்டது. விதாலின் மனைவி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வந்திருந்தது, அதை மாட்டிக்கொண்டுதான் வெள்ளிக் கரண்டிகளைத் துலக்குகிறாள்.

யூஜெனி கால்த்தியே ஃபெலிசியின் பக்கம் சாய்ந்தாள். “என்ன கையுறை?”

ஃபெலிசி திகைத்துப்போனாள். ஊரில் தன் ஒருத்திக்குத்தான் வரவில்லை, மற்ற எல்லார் வீட்டு அலமாரியிலும் அது பத்திரமாக இருக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். “என்னோடது மாமியாருக்குப் போச்சு” என்றாள்.

“உனக்குப் போன இடமாவது தெரியும்” என்றாள் யூஜெனி.

ஃபெலிசிக்கு அந்த இடத்தில், அந்த நேரத்தில், சிரிப்பு வந்துவிட்டது. கமிலை இருபத்தைந்து வருஷம் குத்திக்காட்டிய கையுறை அது. அவர் பயந்தார், ஆனால் கேட்டபோது ஒளிக்கவில்லை. இதை அவரிடம் சொல்ல இப்போது வழியில்லை என்பது அடுத்த கணமே உறைத்தது.

சகோதரர்கள் கையுறையைக் கழற்றி வட்டம் கட்டினார்கள். செயலாளர் இடம் தலைவருக்குப் பக்கத்தில். அதனால் காலி இடத்தின் ஒரு புறம் கால்த்தியே, மறுபுறம் எப்போதும் கமிலுக்குப் பக்கத்தில் நிற்கும் விதால். இருவர் கையும் யாரையும் பிடிக்காமல் நீட்டிக்கொண்டிருந்தன.

“சகோதரர் கமில் ருகேரோல்” என்று கால்த்தியே கூப்பிட்டார். குரல் வழக்கம்போல் இல்லை. மூன்று முறை கூப்பிட்டார். பதில் இல்லை.

ஃபெலிசி கறுப்புக் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தாள். எழுந்தபோது அவை கீழே விழுந்தன. நேராக நடந்துபோய் அந்த இடைவெளியில் நின்று, வலது கையை இடது கைக்கு மேலாகக் குறுக்கே மடித்து, முறைப்படி நீட்டினாள்.

விதால் யோசிக்கவில்லை. கை என்று ஒன்று வந்தது, பிடித்துக்கொண்டார். அவள் விரல்கள் அந்தப் பெரிய கைக்குள் காணாமல் போயின.

“அம்மா, தயவுசெஞ்சு உக்காருங்க” என்றார் கால்த்தியே தாழ்ந்த குரலில்.

“என் இடத்துலதான் நிக்கிறேன், ஐயா. ஆகட்டும்னு சொன்னது நீங்க.”

நோட்டரியின் கை அந்தரத்தில் நின்றது. சங்கிலி மூடாமல் கூட்டத்தை முடிக்கமுடியாது, அதுவும் விதி. கூட்டம் முடியாமல் யாரும் சாப்பிடப் போகமுடியாது. கீழேயிருந்து திரிப்பூ வாசனை வந்துகொண்டிருந்தது. ஆட்டுக்குடலைச் சுருட்டிக் கட்டி விடிய விடிய வேகவைத்தது, ஆறினால் கொழுப்பு உறைந்துவிடும். சகோதரர்கள் சிலர் கொள்கைக்காகவும் சிலர் குடலுக்காகவும் தவித்து நின்றார்கள். யாரோ ஒருவர் இருமினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது எங்கள் சாமியில்லாத மண்டபத்துக்கும் பொருந்தியது.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த மண்டபத்தில் யாரும் அதுவரை கேட்டிராத குரல்.

“எமானுவேல்” என்றாள் யூஜெனி. “கையுறைதான் குடுக்கல. கையையாவது குடுங்க.”

“அது மேஜை டிராயர்லதான் இருக்கு, யூஜெனி. மறந்துட்டேன்” என்றார் கால்த்தியே. சங்கிலியில் நின்றபடி, எல்லார் முன்னிலையிலும்.

“வேற ஒருத்திக்குக் குடுத்திருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன். ஒருத்தியையுமே மதிக்கலைன்னா என்ன அர்த்தம்? கையைக் குடுங்க.”

கொடுத்தார். வியர்த்துக் குளிர்ந்திருந்த கை. இருந்தாலும் கைதான்.

சங்கிலி மூடியதும் ஒரு அழுத்தம் கைவிட்டுக் கை சுற்றிவருவது வழக்கம். கால்த்தியே தன் மறுபக்கத்தவர் கையை அழுத்தி அதை அனுப்பினார். வட்டமெல்லாம் சுற்றி அது விதால் கைக்கு வந்தது. விதால் ஃபெலிசியின் கையை எலும்பு நோக அழுத்தினார். இருபத்தைந்து வருஷம் இந்த இடத்தில் நின்று கமில் இதைத்தான் வாங்கி இதைத்தான் கொடுத்தார். ஃபெலிசி வாங்கினாள், நோட்டரியின் கையில் கொடுத்தாள். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

கைகள் விலகிய மறுகணமே கால்த்தியேவுக்கு நோட்டரி புத்தி திரும்பிவிட்டது. “குறிப்பில் ஏறவேண்டியது இது” என்று அறிவித்தார். “இப்போது நடந்தது சங்கிலி அல்ல. சகோதரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் விதவையின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள்.” குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. எல்லாரும் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்கள். திரிப்பூ சூடாகவே இருந்தது என்று கேள்வி. நோட்டரி மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. எதிரில் யூஜெனி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை ஃபெலிசி தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கதவருகே ஒரு கணம் நின்றாள். அடுப்படியிலிருந்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, தன் இரண்டாவது ஜோடியை எடுத்தாள். போகிற வழியில் நோட்டரி வீட்டு மணியை அடித்து, அதை யூஜெனியின் கையில் வைத்துவிட்டு நடந்தாள்.

மண்டபத்தில் மத்மஸேல் புஜோல் பாரிஸுக்கு அனுப்பப் பிரகடனம் தயாரித்துக்கொண்டிருந்தார். ‘வரலாற்றில் முதல் முறையாக ஆண்கள் சபை நம்மை அங்கீகரித்தது’ என்று தொடங்கியிருந்தார். வாசலில் அன்று காவல் நின்ற சகோதரி புதியவள், கண்டிப்பானவள். தெரிந்த முகம் என்றும் பாராமல் வாளைக் குறுக்கே வைத்தாள்.

“நீங்கள் மேசனா?”

கேட்ட குரல் தப்பான குரலாக இருந்தது.

“என் சகோதரர்கள் என்னை அப்படி ஏத்துக்கிட்டிருக்காங்க” என்றாள் கடைசியில். பிறகு, சடங்கில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னாள்: “ஒருத்தன் மனசார ஏத்துக்கிட்டான், அவன் செத்துட்டான். ஒருத்தர் பழக்கத்துல ஏத்துக்கிட்டார், அவர் கசாப்புக்காரர். இன்னொருத்தர் பொண்டாட்டி சொல்லி ஏத்துக்கிட்டார். இது போதும்னா உள்ள விடு, காபி போடணும்.”

அந்தப் பெண் வாளை இறக்கினாள்.